5.8 டன் தாங்கும் என்கிறது மாடல், ஏற்றலாமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சைட்டில் சூப்பர்வைசராக இருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்:

"சார், ஸ்டில்ட்டுக்கு மேல் நாலு மாடி வீடு. வெளிப்பூச்சுக்கும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் சேர்த்துப் பைப் சாரம் கட்டியிருக்கிறோம். 16 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், நிமிர்ந்து நிற்கும் பைப்புகள், அதாவது கால்கள், காலுக்குக் கால் 2.4 மீட்டர், தட்டுக்குத் தட்டு 2 மீட்டர். பைப் எல்லாம் வாடகை. ஓனரின் உறவுக்காரத் தம்பி எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படிக்கிறார். அவர் ஸ்டாட் என்ற கட்டமைப்புக் கணக்கு சாஃப்ட்வேரில் மாடல் போட்டு, ஒரு கால் 57 கிலோ நியூட்டன், அதாவது 5.8 டன் தாங்கும், நம் லோடு அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை, எல்லா மெம்பரும் பாஸ் என்கிறார். சாரம் கட்டிய மேஸ்திரி, ஒரு கட்டத்தில், அதாவது நாலு காலுக்கு நடுவில் உள்ள இடத்தில், ரெண்டு ஆள், நாலு சட்டி கலவை, அதுக்கு மேலே வேண்டாம் என்கிறார். எனக்குக் கைப்பிடிச் சுவருக்காக 300 செங்கல் மேல்தட்டில் அடுக்கி வைக்க வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?"

தம்பி, முதலில் உங்களுக்கு அவசரமாக வேண்டிய பதில். அந்த 300 செங்கலைச் சாரத்தில் ஏற்றாதீர்கள், மேஸ்திரி சொல்வதைக் கேளுங்கள். அதற்காக எம்.இ. தம்பியின் கணக்கு தப்பு என்று நினைக்க வேண்டாம். நானும் கையால் போட்டுப் பார்த்தேன், 57தான் வருகிறது. 48.3 மி.மீ. வெளிவிட்டம், 3.2 மி.மீ. தடிமன் உள்ள பைப், 2 மீட்டர் நீளம், இரண்டு முனையும் நகராமல் பிடிக்கப்பட்டிருக்கிறது, பைப் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது, சுமை அதன் நடுமையத்தில் இறங்குகிறது. நிற்கும் பைப் எந்தச் சுமையில் வளைந்து சரியும் என்று சொல்லும் ஆய்லர் சூத்திரம் இதற்குத் தரும் விடை 57 கிலோ நியூட்டன். ஆனால் அப்படி ஒரு பைப் உங்கள் சைட்டில் எங்கே நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எங்கும் நிற்கிற மாதிரி தெரியவில்லை.

காலுக்கு வரும் சுமையை ஒரு தரம் போட்டுப் பார்த்துவிடுவோம், அப்புறம் பேசுவது சுலபம். பூச்சு, செங்கல் வேலை போன்ற சாதாரண வேலைக்கு ஐரோப்பிய விதியான இ.என். 12811 ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் வைக்கச் சொல்கிறது, அதாவது ஏறக்குறைய 200 கிலோ. உங்கள் ஒரு கட்டம் 2.4க்கு 1.2, அதாவது 2.88 சதுர மீட்டர். அதில் 5.76 கிலோ நியூட்டன். நடுவில் உள்ள ஒரு காலுக்கு இதில் பாதி, 2.88. ஒரு தட்டில் முழு வேலையும் இன்னொரு தட்டில் பாதி வேலையும் நடப்பதாக வைத்தால் 4.3. சாரத்தின் சொந்த எடை, அதாவது பைப், கிளாம்பு, இரண்டு தட்டுப் பலகை எல்லாம் சேர்த்து ஒரு காலுக்கு 3 பக்கம் வரும். ஆக மொத்தம் 7.3, கொஞ்சம் தாராளமாக 7.5 என்று வைத்துக்கொள்வோம். 57ஐ 7.5ஆல் வகுத்தால் ஏழரை மடங்கு கையிருப்பு. எம்.இ. தம்பி சந்தோஷப்பட்டது நியாயம்தான்.

ஆனால் உங்கள் சாரத்தில் முதலில் தோற்கப்போவது கால் இல்லை, பலகையைச் சுமக்கும் லெட்ஜர். காலுக்குக் காலாகப் படுக்கையாகப் போகிற பைப்பைச் சொல்கிறேன். அதன் நடுவில், 1.2 மீட்டரில், பலகைக்காக ஒரு குறுக்குப் பைப் போட்டிருப்பீர்கள். 38 மி.மீ. பலகைக்குக் கீழே 1.5 மீட்டருக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பதால் அந்தக் குறுக்கு கட்டாயம் வேண்டும். கட்டத்துச் சுமையில் பாதி அந்தக் குறுக்கில் இறங்கி, அதில் பாதி ஒவ்வொரு லெட்ஜரின் நட்டநடுவில் வந்து உட்காரும். பலகை எடையும் சேர்த்து 1.6 கிலோ நியூட்டன். இரண்டு முனையிலும் சும்மா தாங்கியிருக்கும் பைப்பின் நடுவில் அந்தச் சுமை என்றால் வளைவுத் தகைவு, அதாவது வளையும்போது பைப்பின் இரும்பில் ஏறும் விசை, சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டனைத் தொடுகிறது. 240 கிரேடு பைப் என்றால்கூட அதற்கு அனுமதி ஏறக்குறைய 158தான். அதாவது 2.4 மீட்டர் கட்டத்தில், முழு 200 கிலோ சுமையில், கால் ஏழரை மடங்கு தெம்போடு நிற்கும்போதே லெட்ஜர் அனுமதியைத் தாண்டிவிட்டது. பிரிட்டனின் பழைய விதித்தொகுப்பில் இந்தச் சுமைக்குக் காலுக்குக் கால் 2.1 மீட்டர் என்று வைத்திருந்தது சும்மா இல்லை. 2.4 என்பது அவர்களிடம் இதைவிட லேசான வேலைக்குத்தான்.

இப்போது உங்கள் செங்கல். ஒன்று 3 கிலோ, 300 செங்கல் 900 கிலோ. ஒரே கட்டத்தில் பரப்பி வைத்தாலும் அதே லெட்ஜரில் தகைவு 300ஐத் தாண்டுகிறது. பைப் 240இலேயே நிரந்தரமாக வளைய ஆரம்பித்துவிடும். செங்கலை நடுவில் குவித்து வைத்தால் (வைப்பார்கள், சுமந்து வந்தவர் எங்கே இடம் இருக்கிறதோ அங்கேதான் இறக்குவார்) நிலைமை இன்னும் மோசம். இதோடு ஒப்பிட்டால் மேஸ்திரி சொன்ன கணக்கைப் பாருங்கள்: இரண்டு ஆள் 160 கிலோ, நாலு சட்டிக் கலவை 80 கிலோ வைத்தாலும் மொத்தம் 240 கிலோ. ஐரோப்பிய விதி ஒரு கட்டத்துக்கு வைக்கும் சுமையில் பாதிக்கும் கீழே. லெட்ஜர் சிரமப்படாமல் தாங்கும். அவர் எந்தச் சூத்திரமும் போடவில்லை, வளைந்த லெட்ஜர்களைத் தூக்கிப்போட்டுப் பழகிய கை அது.

அது இருக்கட்டும், கைப்பிடிச் சுவருக்குச் செங்கலைச் சாரத்தில் எதற்கு வைக்கிறீர்கள்? மொட்டை மாடி ஸ்லாப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஹாயிஸ்டில் ஏற்றி நேராக ஸ்லாபில் இறக்குங்கள், கட்டுமானத்தை உள்பக்கம் நின்றே முடித்துவிடலாம், வெளிப்பூச்சுக்கு மட்டும் சாரம் போதும். ஸ்லாபிலும் ஒரே இடத்தில் மலையாகக் குவிக்க வேண்டாம். ஆள் ஏறும் மொட்டை மாடிக்கு இந்திய விதியான ஐ.எஸ். 875 வைக்கச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், செங்கல் கணக்கில் 50. பீம் ஓடும் பக்கமாகப் பரப்பி அடுக்குங்கள்.

சரி, கால் விஷயத்துக்கு வருவோம். ஏழரை மடங்கு கையிருப்பு இருந்தும் ஊரில் சாரங்கள் ஏன் சரிகின்றன?

ஆய்லர் சூத்திரத்தில் நீளம் இருமடியாகக் கீழே உட்கார்ந்திருக்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் தாங்குதிறன் நாலில் ஒரு பங்கு. உங்கள் பைப்புக்கு 2 மீட்டரில் 57, 4 மீட்டரில் 14, 6 மீட்டரில் 6.4, 8 மீட்டரில் 3.6 கிலோ நியூட்டன். உங்கள் காலில் இறங்குவது 7.5. ஆக 6 மீட்டரிலேயே ஆட்டம் முடிந்தது. இங்கே நீளம் என்றால் தட்டுக்குத் தட்டு உள்ள தூரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கால் பக்கவாட்டில் நகர முடியாமல் உண்மையிலேயே பிடித்து நிறுத்தப்பட்ட இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள தூரம்தான் அது. ஒவ்வொரு தட்டிலும் லெட்ஜர் இருக்கிறதே, அது பிடிக்காதா என்று கேட்பீர்கள். லெட்ஜர் இந்தக் காலைப் பக்கத்துக் காலோடு கட்டுகிறது, பக்கத்துக் கால் அதற்கடுத்த காலோடு. எல்லாக் காலும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் லெட்ஜரும் கூடவே போகும், தடுக்காது. தெரு நீளத்துக்குச் சாய்வதைத் தடுப்பது முகப்பில் மூலைவாட்டில் போடும் கிராஸ் பைப். கட்டடத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்வதைத் தடுப்பது சுவர்ப் பிடிப்பு, நாம் டை என்று சொல்வது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் உங்கள் 2 மீட்டர் காகிதத்தில் மட்டும்தான். கிளாம்பின் இறுக்கம் கொஞ்சம் உதவும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதை நம்பி ஆளை ஏற்றும் அளவுக்கு அது உதவாது.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அங்கேதான்: "டை எல்லாம் ஜன்னல் இருக்கிற இடத்தில் கொடுத்திருக்கிறோம், பூச்சு வரும்போது சிலதைக் கழற்றிக்கொள்கிறோம்." வட சென்னையில் வீடுகள் எப்படி நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஜன்னல் முன்னும் பின்னும்தான், படிக்கட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு துவாரம்கூட இருக்காது. அந்தப் படிக்கட்டுச் சுவருக்கு நேரே உள்ள கால்கள் 16 மீட்டருக்கும் எதையும் பிடிக்காமல் நிற்கக்கூடும். பூச்சுக்காரருக்கு டை பைப் இடைஞ்சல், கழற்றி வைத்துவிட்டுப் பூசுவார், திருப்பி மாட்டுவது யார் வேலை என்று யாருக்கும் தெரியாது. 4 மீட்டருக்கு ஒரு டை என்று வைத்து ஒன்றைக் கழற்றினால் அந்த இடத்தில் 8 மீட்டர். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள், 3.6. இன்னொரு விஷயம், பைப் வளைந்து ஒடிவது சவுக்குக்கட்டை மாதிரி முன்கூட்டி முறுமுறு என்று சத்தம் கொடுத்துவிட்டு நடப்பதில்லை. எல்லை வரும்வரை நேராக நிற்கும், அப்புறம் ஒரே போக்காகப் போகும்.

டை கொடுப்பதிலும் தரம் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பைப்பை உள்ளே விட்டு, உள்சுவரில் அணைத்த மாதிரி ஒரு குறுக்குப் பைப்பைக் கிளாம்பு போட்டுப் பூட்டுவது நல்ல பிடிப்பு, இழுத்தாலும் தள்ளினாலும் நிற்கும். ஜன்னலின் இரண்டு பக்கவாட்டுக்கு நடுவில் ஒரு பைப்பை ஜாக்கி வைத்து இறுக்கி அதில் கட்டுவது சுமார் ரகம். அது வெறும் உராய்வில் நிற்கிறது, நாலு நாள் வெயிலிலும் அதிர்விலும் தளரும். பிரிட்டன்காரர்கள் மொத்த டையில் பாதிக்கு மேல் அப்படி இருக்கக்கூடாது என்று வைத்திருந்தார்கள். கம்பியைச் சுற்றி ஜன்னல் கிரில்லில் முறுக்கி விடுவது டையே இல்லை, இழுவைக்கு ஏதோ கொஞ்சம் நிற்கும், தள்ளினால் கம்பி என்ன செய்யும்? படிக்கட்டுச் சுவருக்குக் கான்கிரீட் பீமில் ஆங்கர் போல்ட் அடித்துப் பிடியுங்கள். செங்கல் சுவரில் அடிக்காதீர்கள், பீமைத் தேடி அடியுங்கள். பூச்சு முடிந்த பின் அந்த ஓட்டையை அடைக்க ஒரு கொத்தனாருக்குப் பத்து நிமிட வேலை.

எம்.இ. தம்பிக்கு இந்தப் பகுதியைக் காட்டுங்கள். ஸ்டாடில் இரண்டு மெம்பரை (பைப்பை) ஒரு நோடில் (சந்திப்பில்) சேர்த்தால், நாம் வேறு மாதிரி சொல்லாதவரை அது வெல்டு அடித்த மாதிரி இறுக்கமான இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் கிராஸ் பைப் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் மாடல் கம்பீரமாக நிற்கும். நிஜத்தில் அங்கே இருப்பது ஒரு கிளாம்பு, அதன் சுழல் விறைப்பு வெல்டுக்குப் பக்கத்தில்கூட வராது. லெட்ஜர் முனைகளை ரிலீஸ் கொடுத்துவிட்டு, அதாவது முனை சுழலலாம் என்று சொல்லிவிட்டு, மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். கிராஸும் டையும் போதாமல் இருந்தால் சாஃப்ட்வேர் உடனே நிலைத்தன்மை இல்லை என்று கத்தும். அந்தக் கத்தல்தான் மாடலிலிருந்து நமக்கு வேண்டியது. அடுத்து, கிளாம்பில் இரண்டு பைப்பும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, மையத்துக்கு மையம் 5 செ.மீ. விலகல். லெட்ஜர் கொண்டுவரும் 300 கிலோ காலின் நடுவில் இறங்காமல் அந்த 5 செ.மீ. தள்ளி இறங்குகிறது. தனியாகப் பார்த்தால் சின்னத் திருப்பம், ஏற்கெனவே லேசாக வளைந்திருக்கும் வாடகைப் பைப்புக்கு அது சின்னது இல்லை. அதனால் காலுக்கு ஆரம்ப வளைவு கொடுத்து, பி-டெல்டா (வளைந்த காலைச் சுமை மேலும் வளைப்பதைச் சேர்க்கும் கணக்கு) போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் வேலை நடக்கும் தட்டில் ஒரு கிடைமட்டச் சுமையும் சேர்க்க வேண்டும். இ.என். 12811 அதைப் பலகைச் சுமையில் 2.5 சதவீதம் அல்லது 0.3 கிலோ நியூட்டன், எது பெரிதோ அது என்கிறது. உங்கள் கட்டத்துக்கு 0.3தான் பெரிது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. மாடலில் டை எல்லாம் சப்போர்ட் என்று வரைந்திருப்பார், அது எப்போதும் அங்கேயே இருக்கும். சைட்டில் அப்படி இல்லையே. ஆகவே ஒன்று விட்டு ஒன்று டையை அழித்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள், பூச்சுக்காரர் செய்வதைத்தான் செய்கிறோம். அதிலும் சாரம் நின்றால் அந்த மாடலை நான் நம்புவேன். பச்சை நிறத்தில் பாஸ் என்று வரும் படத்தை ஓனருக்குக் காட்டுவதற்கு முன், மாடலில் உள்ள ஒவ்வொரு டையையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சைட்டில் ஏறி, இது இருக்கிறதா என்று டிக் போட்டு வரட்டும். படிக்கிற பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது, இறங்கி வரும்போது மாடலைத் தானே மாற்றிவிடுவார்.

பைப்பின் தடிமன் 3.2 என்று எதை வைத்து எடுத்தீர்கள்? வாடகைக் கடைக்காரர் சொன்னதையா? வெளிவிட்டம் 48.3 என்பது வெளியே தெரியும், தடிமன் தெரியாது. 2 மி.மீ. பைப்பும் வெளியிலிருந்து அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் வளைவுக்கு எதிரான பலம் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். 6 மீட்டர் பைப் ஒன்றைத் தெருமுனைக் காயலான் கடைத் தராசில் வையுங்கள். 3.2 மி.மீ. என்றால் 21 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், 2 மி.மீ. என்றால் 14 கிலோகூட வராது. ஒரு லோடில் ஆங்காங்கே நாலைந்து பைப்பை எடுத்து நிறுத்தால் கடைக்காரர் என்ன அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். சாத்தங்காடு இரும்புச் சந்தையில் புதுப் பைப் வாங்குகிறவர்கள் எடை பார்க்காமல் லாரியை விடமாட்டார்கள், வாடகைக்கு எடுக்கும்போது மட்டும் நாம் எண்ணிக்கை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்.

துருவும் இதே கணக்கில்தான் வரும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரமாகவே சுற்றிச் சுற்றி வேலை செய்யும் பைப்புகள் இவை, உப்புக்காற்றில் வெளிப்பக்கம் செதில் செதிலாக உரியும். 0.8 மி.மீ. தின்றுவிட்டால் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை, காலின் வளைவு பலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். சுத்தியலின் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள், செதில் கொட்டி உள்ளே குழி தெரிந்தால் அதைக் காலாகப் போடாதீர்கள், கைப்பிடிக்கும் போடாதீர்கள், திருப்பி அனுப்புங்கள். தண்ணீர் தேங்கும் அடிமுனையையும் கிளாம்பு உட்கார்ந்திருந்த இடத்தையும் கட்டாயம் பாருங்கள். கிளாம்பில் போல்ட்டின் மரை தேய்ந்து நட்டு வழுக்கினால் அதுவும் திரும்பப் போகட்டும். இறுக்கம் 50 நியூட்டன் மீட்டர் வேண்டும், அதாவது கால் மீட்டர் ஸ்பேனரின் முனையில் 20 கிலோ அழுத்தம். நல்ல கிளாம்பு நன்றாக இறுக்கப்பட்டால் பைப்பில் வழுக்காமல் 6 கிலோ நியூட்டன் வரை நம்பலாம், இந்த எண்ணை நினைவில் வையுங்கள், காற்றுக்கு வரும்போது தேவைப்படும்.

அடிப்பக்கம். தெருப் பக்கத்துக் கால்கள் மழைநீர் வடிகால் மூடியின் மேல் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூடி நடப்பவருக்காகப் போட்டது, அதன் நட்டநடுவில் ஏழெட்டு கால்கள் தலைக்கு 750 கிலோவோடு நிற்பதற்குப் போட்டதல்ல. மூடிகளுக்கு மேல் கட்டை போட்டு, சுமை வடிகாலின் இரண்டு பக்கச் சுவரில் இறங்குகிற மாதிரி கடத்துங்கள், மூடியின் நடுவில் எதுவும் உட்காரக்கூடாது. பின்பக்கம் களிமண். 15க்கு 15 செ.மீ. பேஸ் பிளேட் வைத்தால் அதன் கீழ் அழுத்தம் சதுர மீட்டருக்கு 330 கிலோ நியூட்டனைத் தாண்டும். ஊறிப்போன களிமண் 100 தாங்கினாலே பெரிய விஷயம். 22 செ.மீ. அகலத்தில் கெட்டிப் பலகையை நீளவாக்கில் போட்டு அதன் மேல் பிளேட்டை வைத்தால் அழுத்தம் 55 அளவுக்கு இறங்கிவிடும். பிளேட்டுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்து உயரத்தைச் சரிக்கட்டுவதைப் பார்த்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள், ஒரு செங்கல் நொறுங்கினால் அந்தக் காலின் சுமை முழுக்கப் பக்கத்துக் கால்களுக்குப் போய்விடும், ஒரே காலில் தொடங்கியது அங்கே முடியாது. உயரம் சரிசெய்ய ஜாக்கி இருக்கிறது. ஜாக்கியையும் முழு நீளத்துக்குத் திருகி ஒட்டடைக்கம்பு மாதிரி நிறுத்த வேண்டாம். தூக்குகுண்டு போட்டுக் கால் நேராக நிற்கிறதா என்று அடித்தட்டிலேயே பார்த்துவிடுங்கள், மேலே போன பிறகு நிமிர்த்துவது நடக்காது.

மணலிப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்த்த சாரக்காரர்களைக் கேளுங்கள், பரிசோதித்தாயிற்று என்று சொல்லும் பச்சை அட்டை தொங்காத சாரத்தில் அவர்கள் காலை வைக்கமாட்டார்கள், வைத்தால் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். அதே ஆட்கள் வண்ணாரப்பேட்டையில் வீட்டு வேலைக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறார்கள். கேட்பார் இருந்தால் ஒரு மாதிரி, இல்லாவிட்டால் ஒரு மாதிரி. உங்கள் சைட்டில் கேட்பார் நீங்கள்தான். ஒரு அட்டையில் "ஒரு கட்டத்துக்கு 2 ஆள், 4 சட்டி, செங்கல் அடுக்கக்கூடாது" என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஏணி அடியில் தொங்கவிடுங்கள். இந்தியிலும் ஏன் என்றால் மேலே நிற்பவர்களில் பாதிப்பேர் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள். சென்ட்ரிங் ஷீட்டை நடைபலகையாகப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், ஈரக் கலவை சிந்தினால் அதில் கால் நிற்காது, காற்றில் முதலில் பறப்பதும் அதுதான்.

வாரக்கடைசியில் பச்சை வலை கட்டப்போகிறோம், கார்ப்பரேஷனில் தூசி பற்றிக் கேட்டார்கள் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கட்டுங்கள், ஆனால் அதற்கு முன் டையை இரட்டிப்பாக்குங்கள். வலை கட்டியதும் உங்கள் சாரம் வேறு கட்டமைப்பாகிவிடுகிறது. ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், தற்காலிக அமைப்புக்கான தள்ளுபடியெல்லாம் போக 35 என்று எடுத்தாலும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 0.7 கிலோ நியூட்டனுக்கு மேல் வருகிறது. வலை இல்லாவிட்டால் காற்று பைப்புகளுக்கு நடுவில் புகுந்து போய்விடும். வலை காற்றை முழுதாகத் தடுக்கிறது என்று வைத்தால், 2.4க்கு 4 மீட்டர் பரப்புக்கு ஒரு டை என்ற கணக்கில் ஒவ்வொரு டைக்கும் 7 கிலோ நியூட்டன் இழுவை வரும். கிளாம்பு நம்பத்தக்கது 6 என்று மேலே சொன்னேன். உங்கள் சைட்டில் ஒரு கால் விட்டு ஒரு காலுக்குத்தான் டை இருக்கிறது என்றால் 14. எம்.இ. தம்பியின் மாடலில் காற்று கேஸ் (காற்றுச் சுமைக் கணக்கு) இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்திருந்தால் எல்லாம் பாஸ் என்று வந்திருக்காது.

சாரத்துக்கான இந்திய விதிகளான ஐ.எஸ். 3696 முதல் பாகமும் ஐ.எஸ். 4014ம் அவர் மேசையில் இருக்கட்டும், படிக்கச் சின்னவைதான்.

அக்டோபர் தாண்டியும் சாரம் நிற்கும் என்றால் ஒரு வேலையை இப்போதே யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12இல் வர்தா வந்தபோது நகரத்தில் என்னவெல்லாம் பறந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். புயல் எச்சரிக்கை வந்த அன்று காலையிலேயே முதலில் வலையை அறுத்து இறக்க வேண்டும். அவிழ்க்க நேரம் பார்க்காதீர்கள், வலை விலை குறைவு. அடுத்து மேல்தட்டுப் பலகைகள், சட்டி, ஷீட், சிமெண்ட் பை எல்லாம் உள்ளே. டையில் கை வைக்கக்கூடாது. மழை விட்டதும் பின்பக்கக் களிமண்ணில் பலகை ஒரு பக்கமாக இறங்கியிருக்கிறதா, ஜாக்கிக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று அடியிலிருந்து பார்த்துக்கொண்டே போங்கள். தூக்குகுண்டை மறுபடி போடுங்கள். மேஸ்திரி ஏறி எல்லாக் கிளாம்பையும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு வந்து சரி என்ற பிறகு பூச்சுக்காரர்களைக் கூப்பிடுங்கள், அதற்கு ஒரு நாள் போனால் ஓனரிடம் நான் எழுதியதைக் காட்டுங்கள்.